மச்சான் நின்ற பக்கம்

அந்தக் கம்புக்குப் பேர் மச்சான். நெஞ்சு உயரம் இருக்கும். உச்சியில் குறுக்கே ஒரு துண்டுப் பலகை, பலகையைச் சுற்றிப் பழைய போர்வைத் துணி. காரின் உள்கூரை அட்டையைத் தூக்கி மாட்டும்போது ஒரு பக்கத்தை ஆள் பிடிக்க, மறுபக்கத்தை இந்தக் கம்பு முட்டுக்கொடுத்துத் தாங்கும். "மச்சான், பிடிச்சுக்கடா" என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் கூரை அடுத்த பக்கம் போவார்.

கூரை என்பதும் வீட்டில் வைத்த பேர் இல்லை. ஆயுசில் பாதியைக் காருக்குள் அண்ணாந்துகொண்டே கழித்து, ரூஃப் லைனிங் துணி ஒட்டுகிறவருக்குத் தெரு வேறென்ன பேர் வைக்கும்?

"என்ன கூரை, மச்சான் வேலைக்கு வந்துட்டானா?" என்று எதிர்ப் பட்டறை டிங்கர் காலையில் குரல் கொடுப்பான்.

"வந்துட்டான். உன்னை மாதிரி டீக்குப் போறேன்னு கிளம்பி மத்தியானம் வரைக்கும் காணாமப் போறவன் இல்ல."

இருவரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் தெரு தகரம் தட்டும் சத்தத்துக்குத் திரும்பிவிடும். கூரையின் பட்டறையில் சத்தம் கிடையாது. துணிக்கும் பசைக்கும் சத்தம் ஏது? சில நாள் சாயங்காலம் வரைக்கும் அவர் பேசிய பேச்சு மொத்தமும் அந்த டிங்கரிடம் சொன்ன ஒரு பதிலும், கம்பிடம் சொன்ன நாலு வார்த்தையுமாகத்தான் இருக்கும்.

உண்மையான மச்சான், அதாவது செத்துப்போன மனைவியின் தம்பி, அதே தெருவின் கடைசியில்தான் பேட்டரிக் கடை வைத்திருந்தான். அவர்களுக்குள் பேச்சு நின்று நாலு வருஷம் ஆகிறது.

அந்தச் சின்னக் கார் வந்தபோது அதன் கூரைத் துணி பொடிந்துபோன ஃபோமை உதிர்த்துக்கொண்டு, உலரப்போட்ட ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தது ஒரு அம்மாள். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பக்கத்து சீட்டில் அவளுடைய புருஷன். தகடு அடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கனமான பெட்டிகளை இறக்கிக் கொடுக்க மனைவியோடு கூடவே வருவாராம்.

"துணி மாத்தணும்ண்ணே. அதோட இன்னொரு வேலையும் இருக்கு" என்றாள் டிரைவரம்மா. "பிரஸ் சத்தத்துல இவருக்குக் காது போயிருச்சு. ஒரு துளி கேக்காது. என் வாயைப் பாத்துத்தான் பேச்சு புரிஞ்சுக்குவாரு. பகல்ல ஒண்ணும் தொந்தரவு இல்ல. பொழுது சாஞ்சா வண்டிக்குள்ள இருட்டு. நடு லைட்டைப் போட்டா முன்கண்ணாடி பூரா வெளிச்சம் அடிச்சு எனக்கு ரோடு தெரியல. அணைச்சா இவருக்கு நான் தெரியல. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ரெண்டு மூட்டை மாதிரி உக்காந்திருக்கோம்."

"மூட்டைங்கறது என்னைத்தான்!" என்று புருஷன் பெருங்குரலில் சொன்னார். தன் குரல் தனக்கே கேட்காதவர்கள் பேசுகிற சத்தம் அது. எதிரே டிங்கர் சுத்தியலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

கூரை காருக்குள் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "பெரிய வண்டிங்கள்ல பின்சீட்டுக்கு மேல குட்டி லைட்டு வரும்மா. கண்ணு முழி மாதிரி எந்தப் பக்கம் வேணாலும் உருட்டலாம். வெளிச்சம் உள்ளங்கை அகலத்துக்குத்தான் விழும். புஸ்தகம் படிக்க வச்சது."

"அது இந்த வண்டிக்குச் சேருமா?"

"சேராது. சேர்த்து வைக்கிறதுதான் வேலை."

பழைய வண்டி உடைக்கிற யார்டுக்குப் போனார். நசுங்கிக் கிடந்த ஒரு பெரிய வண்டியின் கூரையிலிருந்து அந்த விளக்கைக் கழற்றினார். யார்டுக்காரன் ஒற்றையாகத் தரமாட்டேன் என்றுவிட்டான். "ஜோடியைப் பிரிச்சா மிச்சத்தை எவன் வாங்குவான்? எடுத்தா ரெண்டையும் எடு." இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் பட்டறையின் ஷட்டரை இறக்கி இருட்டாக்கிவிட்டு, இருவரையும் காருக்குள் உட்காரவைத்து, டார்ச்சைக் கூரையில் இங்கும் அங்குமாகப் பிடித்துப் பார்த்தார். அந்த அம்மாளின் தலைக்கு நேர் மேலே வைத்தால் நெற்றியும் மூக்கும் வெளிச்சமாகி வாய் நிழலில் போனது. முன்னால் கொண்டுபோனால் கண்ணில் குத்தியது. பக்கத்து சீட்டுப் பக்கமாகத் தள்ளி, சற்று முன்னால் வைத்து, அவள் கன்னத்தைப் பார்த்துச் சாய்த்தபோது, "அங்க! அங்கதான்!" என்று புருஷன் சீட்டில் எம்பிக் குதித்தார்.

"தெரியுதான்னு பாருங்கம்மா. சத்தம் வராம ஏதாவது சொல்லுங்க" என்றார் கூரை.

அவள் உதடு மட்டும் அசைந்தது. புருஷன் திரும்பிக் கூரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உரக்கச் சொன்னார்: "ஆமா, நானும் பாத்தேன். சட்டை ரெண்டு ஆள் புகுற மாதிரி தொங்குது. வீட்ல ஆள் இல்ல போல!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "மனுஷா, உங்க கிட்ட ரகசியம் சொன்னா ஊருக்கே ரேடியோ. தப்பா எடுத்துக்காதீங்கண்ணே."

"இதுல தப்பு என்ன இருக்கு" என்றார் கூரை. அந்த இடத்தில் பழைய துணியின் மேல் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். வட்டம் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

நாளை மறுநாள் சாயங்காலம் வண்டி தயாராக இருக்கும் என்று சொல்லி அனுப்பினார். அன்று சாயங்காலத்திலிருந்து அவளுக்குத் தூரத்துப் பார்சல்கள், திரும்ப இருட்டிவிடும். அதற்குள் விளக்கு வேண்டும்.

அவர்கள் போனதும் வேலையை ஆரம்பித்தார். சன் ஷேடு, கைப்பிடிகள், நடு விளக்கு எல்லாவற்றையும் கழற்றினார். சாக்கட்டி வட்டம் துணியோடு போய்விடும் என்பதால் நூல் பிடித்தார். முன்விளிம்பிலிருந்து வட்டம் வரைக்கும் ஒரு நூல், நடுக்கோட்டிலிருந்து வட்டம் வரைக்கும் ஒரு நூல், இரண்டிலும் முடிச்சு. பிறகு அட்டையைத் தளர்த்திப் பின்கதவு வழியாக உருவி, ஆமை ஓட்டைச் சுமக்கிற மாதிரி முதுகில் தாங்கி, மேசைக்குக் கொண்டுபோனார். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இடம் குறைவு. ஒருமுறை சுற்றித் திரும்பித்தான் அட்டையைப் போட முடிந்தது. துணியை உரித்தார். ஃபோம் மஞ்சள் பொடியாகக் கொட்டியது. பிரஷ்ஷால் தேய்த்து, பசை தெளித்து, புதுத் துணியை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவித் தடவி ஒட்டினார். சின்னச் சுருக்கம்கூட இல்லை. நூலை வைத்து அளந்து, இடம் குறித்து, பிளேடால் வட்டம் வெட்டினார். யார்டிலிருந்து வந்த விளக்கு அதில் அளவாக உட்கார்ந்தது. பார்க்க ஆள் இல்லாததால் "அடிச்சான் பாரு" என்று தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் பகலெல்லாம் மச்சான் கம்பை முட்டுக்கொடுத்து, மூக்கில் வியர்வை வழிய அட்டையை மேலே ஏற்றினார். கம்பு இரண்டு தடவை சரிந்தது; "நிக்க மாட்டியாடா நாயே" என்று அதைத் திட்டினார். ஒருவழியாக மாட்டி, நடு விளக்கின் வயரிலிருந்து ரெண்டு இழை இழுத்து, பொத்தானை அமுக்கினார். விளக்கு எரிந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அந்தப் புருஷனைப் போலத் திரும்பிப் பார்த்தார்.

வெளிச்சம் ஓட்டுகிறவருடைய உச்சந்தலை இருக்கவேண்டிய இடத்தில் செங்குத்தாக இறங்கிக்கொண்டிருந்தது.

விளக்கைத் திருகிப் பார்த்தார். எப்படித் திருகினாலும் ஓட்டுகிறவர் மண்டைக்கோ பக்கத்து சீட்டுக்கோதான் வெளிச்சம். வாய்க்கு இல்லை. அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. காரில் கூரையை அண்ணாந்து பார்க்கிறோம். மேசையில் அதே கூரையைக் குனிந்து பார்க்கிறோம். அண்ணாந்து பார்த்தபோது எந்தக் கைப் பக்கமோ, குனிந்து பார்க்கும்போது அது மறு கைப் பக்கம். அவர் சுற்றித் திரும்பியதில் எது எந்தப் பக்கம் என்பது குழம்பிவிட்டது. முடிச்சு சரிதான். ஆனால் நூலுக்குத் தூரம் தெரியும், பக்கம் தெரியாது. மேலே தகரக் கூரையில் இருக்கிற குறுக்குப் பட்டைகளாவது இடித்துக்காட்டியிருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இடைவெளி, அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

இத்தனை வருஷத்தில் இந்தத் தப்பு நடந்ததே இல்லை. ஏன் நடக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தார். தனியாக ஓட்டிய நாலு வருஷமும் வெறும் துணி மாற்றுகிற வேலைதான், ஓட்டை வெட்டுகிற வேலை வரவில்லை. அதற்கு முன் அவரும் உண்மையான மச்சானும் அட்டையில் ஒரு நாளும் அடையாளம் போட்டதில்லை. இரண்டு பேர் தூக்கினார்கள். டிரைவர் பக்கத்தை மச்சான் பிடிப்பான். மேசையில் போட்ட பிறகும் குறித்து முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்தை விட்டு நகர மாட்டான். பீடி பிடிக்கப் போனாலும், "மாமா, நான் வர்ற வரைக்கும் கத்தியத் தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போவான். மச்சான் நிற்கிற பக்கம் டிரைவர் பக்கம். அடையாளமே அவன்தான். அவன் இருந்த வரைக்கும் அது ஒரு அடையாளம் என்றே அவருக்குத் தெரியாது.

அட்டையைத் திரும்ப இறக்க வேண்டும். சரியான இடத்தில் இன்னொரு ஓட்டை வேண்டும். புதுத் துணி. ஒரு ஓட்டை வெட்டிப் பலம் குறைந்த அட்டை, மறுபடி தனியாக முதுகில் சுமந்தால் வளைந்து மடிப்பு விழும். விழுந்த மடிப்பு போகாது. இந்த மாடலுக்குப் புது அட்டையும் எங்கேயும் கிடைக்காது. இது இரண்டு ஆள் வேலை. கம்புக்கு வளையத் தெரியாது, "மெதுவா மாமா" என்று சொல்லவும் தெரியாது.

டிங்கரைக் கூப்பிடலாம். அவன் தகரத்தைத் தூக்குகிற கையால் இதைத் தூக்கினால் அதற்குப் பிறகு அழுவதற்குத்தான் நேரம் இருக்கும். கூரை பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தெருவின் கடைசியை நோக்கி நடந்தார்.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அப்போது மனைவி போய் ஒரு வருஷம்கூட முடியவில்லை. ஒருநாள் மேசையின் அந்தப் பக்கம் நின்றுகொண்டே மச்சான் சொன்னான்: "மாமா, ஒரு அம்மா இருக்கு. புருஷன் இல்ல. தையல் வேலை. நான் பேசிப் பாக்கட்டுமா?" கூரைக்குத் தலைக்கேறிவிட்டது. "உன் கூடப் பொறந்தவ போயி ஈரம் காயல, எனக்குப் பொண்ணு பாக்கிறியா?" மச்சானும் விடவில்லை. "அவ போயிட்டான்னுதான் பாக்கறேன். நான் பொழுது சாஞ்சா என் வீட்டுக்குப் போயிடறேன். நீ யாரு மூஞ்சியப் பாத்துச் சோறு திங்கிற?" கையிலிருந்த பசை டப்பா பறந்தது. மச்சான் மேல் படவில்லை, சுவரில் பட்டது. "இனிமே இந்தப் பட்டறைக்குள்ள கால் வைக்காதே" என்றார் கூரை. அவன் வைக்கவில்லை. சுவரில் அந்தப் பசைக்கறை இன்னும் இருக்கிறது.

பேட்டரிக் கடையில் மச்சான் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. தினமும் தூரத்தில் பார்த்த தலைதான். நரை தூரத்துக்குத் தெரியவில்லை.

"பேட்டரியா?" என்றான், வாடிக்கையாளரைக் கேட்கிற மாதிரி.

"இல்ல."

"பின்ன?"

"அட்டையில பக்கம் மாத்தி ஓட்டை போட்டுட்டேன்."

மச்சான் நிமிர்ந்தான். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "கூரை கூரைன்னு ஊரெல்லாம் பேர் வாங்கிட்டு..."

"சிரி. சிரிச்சு முடி."

"டிரைவர் பக்கம் யாரு நின்னா?"

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு மச்சானுக்கே சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்பேனரைத் துணியில் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

"உள்ள கால் வைக்காதேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"அது இன்னும் இருக்கா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். கூரை அதைச் சொல்லாமல், "வண்டி நாளைக்குச் சாயங்காலம் போகணும்" என்றார்.

"நான் அதைக் கேக்கல."

தெருவில் ஒரு லாரி பின்னால் நகர்ந்து, கத்திக்கொண்டே நின்றது. அது அடங்கியதும் மச்சான் சொன்னான்: "வண்டிய வெளியே தள்ளி நிறுத்து. மேசையையும் வாசலுக்குக் கொண்டா. காலைல வர்றேன்."

சொன்னபடி வந்தான். பட்டறைக்கு வெளியே, தெரு ஓரத்தில் வேலை நடந்தது. ஷட்டர் இறங்குகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் ஒரு விரல்கூட நீட்டவில்லை. உள்ளே இருக்கிற ஸ்க்ரூடிரைவர் வேண்டுமென்றால் கூரைதான் ஓடிப்போய் எடுத்துவந்தார். டிங்கருக்கு அன்று வேலை ஓடவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

"என்ன பேட்டரி, கோட்டுக்கு அந்தப் பக்கம் பாம்பு இருக்கா?"

"பாம்பு இல்ல. மாமா வாக்கு இருக்கு."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அட்டையை இறக்கினார்கள். நாலு வருஷம் ஆகியும் கைகளுக்கு மறக்கவில்லை. யார் முதலில் தாழ்த்துவது, யார் கடைசியில் விடுவது என்று ஒரு வார்த்தை பேசாமலே அட்டை மடிப்பில்லாமல் மேசைக்கு வந்தது. மச்சான் டிரைவர் பக்கம் நின்றான்.

"இப்பக் குறி" என்றான்.

கூரை குறித்து, வெட்டினார். "அந்தப் பழைய ஓட்டைக்கு என்ன செய்யறது?"

"ஜோடி விளக்குதானே வாங்கின? அதுவும் இருந்துட்டுப் போகட்டும், வெட்டின எடத்துலயே."

மாட்டி முடித்தபோது காருக்குள்ளே மச்சானின் கால் எதையோ இடித்தது. போர்வைத் துணி சுற்றிய கம்பு. எடுத்துப் பார்த்தான். "இது என்ன?"

"முட்டுக்கம்பு."

"அதுக்குப் பேர் மச்சான்!" என்று டிங்கர் நாற்காலியிலிருந்தே கத்தினான். "தினம் அதோடதான் பேச்சு. திட்டு வேற!"

கூரையின் காது சிவந்தது. மச்சான் கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போர்வைத் துணி அவனுடைய அக்காவின் பழைய போர்வை. அது அவனுக்குத் தெரிந்திருக்கும். "என்னைவிட ஒல்லியா இருக்கான்" என்று சொல்லி, கம்பைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நீட்டிச் சுவரில் சாய்த்துவைத்தான். கம்பு உள்ளே போனது. அவன் கால் வெளியே நின்றது.

பொழுது சாய்கிற நேரத்தில் டிரைவரம்மாவும் புருஷனும் வந்தார்கள். அவள் அண்ணாந்து பார்த்தாள். "ஒண்ணுதானே கேட்டோம், ரெண்டு இருக்கு?"

"ஒண்ணு நீங்க கேட்டது. இன்னொண்ணு என் தப்பு" என்றார் கூரை. "பக்கம் மாத்தி வெட்டிட்டேன். ஓட்டைய மூட வழி இல்ல, அதான் லைட்டு. அதுக்கு ஒண்ணும் தர வேண்டாம்."

அவள் பொத்தானை அமுக்கினாள். வெளிச்சம் கன்னத்தில் விழுந்து, வாயில் நின்றது. முன்கண்ணாடியில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. அவள் என்னவோ சொன்னாள், புருஷன் என்னவோ சொன்னார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் வெளியே கேட்கவில்லை. பிறகு புருஷன் கையை நீட்டி அந்த இரண்டாவது விளக்கையும் போட்டு, தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டார். அவள் கண்ணாடியை இறக்கி, "பாருங்கண்ணே இந்த அக்கிரமத்தை. இவர் பேச்சு தெருக்கோடி வரைக்கும் கேக்குது, அதுக்கு வெளிச்சம் வேறயாம்!" என்றாள்.

"அவ மட்டும் தெரிஞ்சா போதுமா? நானும் தெரியணும்ல!" என்று அவர் கத்தினார்.

கார் போயிற்று. தெருத் திருப்பம் வரைக்கும் பின்கண்ணாடியில் இரண்டு தலையும் தெரிந்தன. ஒன்று பேச, ஒன்று ஆட, மாறி ஒன்று ஆட, ஒன்று பேச.

மச்சான் கை கழுவிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினான். கிளப்பினான். கூரை வாசலில் நின்று, "உள்ள வா" என்றார். ஸ்கூட்டர் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.

"என்ன?" என்றான் மச்சான்.

ஒரு தடவை சொல்வதே மலை. இரண்டாம் தடவை மலைக்கு மேல் மலை. கூரை நாலடி முன்னால் வந்து, ஹெட்லைட் வெளிச்சத்தில் முகம் தெரிய நின்றார். "உள்ள வான்னேன்."

மச்சான் ஸ்கூட்டரை அணைத்தான். "எதுக்கு? அடுத்த வேலை வந்திருக்கா?"

வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதுதான் சுலபம். ஒரு வேனும் வருவதாக இருந்தது, பெரிய அட்டை.

"இல்ல" என்றார் கூரை. "வேலை ஒண்ணும் இல்ல."

மச்சான் வாசலைப் பார்த்தான், உள்ளே சுவரில் இருந்த பசைக்கறையைப் பார்த்தான், சாய்ந்து நின்ற கம்பைப் பார்த்தான். "சோறு இருக்கா?"

"இருக்கு. ஒரு ஆளுக்குத்தான் இருக்கு."

"அப்புறம் என்னத்துக்குக் கூப்பிடற?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னிக்கு வேணாம் மாமா. வீட்டுல காத்துக்கிட்டு இருப்பா. இன்னொரு நாள் பாக்கலாம். சொல்லிட்டு வர்றேன், ரெண்டு ஆளுக்கு வை."

போய்விட்டான். எந்த நாள் என்று அவன் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

கூரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பட்டறைக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில் அடுப்புக்கு முன் நின்றுகொண்டே சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு பட்டறைக்கு வந்து, அந்தக் கம்பை எடுத்துப் பழைய ஃபோம் மூட்டைகளுக்குப் பின்னால், கண்ணில் படாத இடமாகப் பார்த்துத் தள்ளினார். விளக்கை அணைக்கக் கை நீட்டியவர் நின்றார். வருகிறேன் என்று சொல்வது வேறு, வருவது வேறு. வேன் வந்தால் அட்டையை யார் பிடிப்பது? மூட்டைகளை நகர்த்தி, கம்பைத் திரும்ப எடுத்து, கைக்கெட்டும் இடத்தில் சுவரோடு சாய்த்துவைத்தார். அன்றைக்கு அதனிடம் ஒன்றும் பேசவில்லை.